பிரீமியம் தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர்

2022 நவம்பர் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். இரவு முழுக்க அடித்த மழை எட்டரைக்கு நின்று, தூறலாக இழுத்துக்கொண்டிருந்தது. காற்று கடல் பக்கமிருந்து வீசியது. தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் பெட்ரோல் பங்க் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் மெல்ல ஊர்ந்து ஒரு மஞ்சள் கார் உள்ளே வந்தது. இரண்டே கதவு. உயரம் என் இடுப்பளவு. சத்தம் மட்டும் லாரி அளவு.

இதை எழுதச் சொன்னவர் அந்த பங்கில் இப்போது மேனேஜராக இருப்பவர். பங்க் ஊழியர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்காக. “சார், ரெகுலரா பிரீமியமான்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்றதுன்னு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்களுக்கு உதவும்” என்றார். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். நான் வேலை பார்த்தது இருபத்தொன்பது வருடம். பக்கத்துக்கு முப்பது வரி என்று வைத்தால் வருடத்துக்கு நான்கு வரி கிடைக்கிறது. அதிலும் ஒரு வரி விளம்பரத்துக்குப் போய்விடும்.

ஆகவே ஆரம்ப வருடங்களை விட்டுவிடுகிறேன். பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் வகுப்பு. மருந்துக் கம்பெனிகள் பதினொன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது மூன்று, மூன்றும் இல்லை என்று. வேதியியல் படித்த ஆள் என்று பங்க் முதலாளி கூப்பிட்டு மேற்பார்வையாளராக உட்காரவைத்தார். ஒரு மாதம் பயிற்சி. அதில் இருபது நாள் நோட்டு எண்ணப் பழகினேன், பத்து நாள் பெட்ரோலைப் பற்றிப் படித்தேன். அவ்வளவுதான்.

சோதனைகளைப் பற்றி மட்டும் அவசரப்பட மாட்டேன். புதிதாக வந்தவர்கள் அவற்றைச் சடங்கு மாதிரி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காலை ஆறு மணிக்கு, ஒரு சொட்டு விற்பதற்கு முன்னால், தரைக்கடியில் இருக்கும் தொட்டிகளின் மூடியைத் திறக்க வேண்டும். எங்களுக்கு மூன்று தொட்டி: டீசல், சாதா பெட்ரோல், பிரீமியம். டிப் ராடு என்கிற நீளமான பித்தளைக் கம்பியைத் துடைத்து, அதன் அடி நுனியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பசையைத் தடவ வேண்டும். கம்பியை நேராக இறக்கி, அடி தொட்டதும் பதினைந்து வரை எண்ணி, மேலே எடுக்க வேண்டும். பெட்ரோல் நனைத்த உயரம் இருப்பைச் சொல்லும். அடியில் தண்ணீர் இருந்தால் அது தொட்ட உயரம் வரை பசை சிவந்துவிடும். அதன்பின் அரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து அடர்த்தி பார்ப்பது, வெப்பநிலை பார்ப்பது, அட்டவணையில் ஒப்பிடுவது. கடைசியாக ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் ஒவ்வொரு பம்பும் சரியாக ஊற்றுகிறதா என்று சரிபார்ப்பது. மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். முழங்கால் வலி வந்த பிறகு ஐம்பத்தொன்று.

தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் பெட்ரோல் தண்ணீரோடு சேராது. தண்ணீர் அடியில் கிடக்கும், பெட்ரோல் மேலே நிற்கும், அவரவர் பாடு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்விடும். அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு வளர்ந்துகொண்டே வரும். பம்பின் குழாய் வாயை அது எட்டிவிட்டால், பெட்ரோல் விலையில் சாராயத் தண்ணீர்தான் வண்டிக்குள் போகும். ஆகவே சட்டம் எளிமையானது: பசை சிவந்தால் விற்பனையை நிறுத்து, யாரும் எடுக்காதபடி பம்பில் டேப் ஒட்டு, கம்பெனிக்குச் சொல்லு, தண்ணீரை எடு.

இனி மலருக்கு வேண்டிய கேள்வி. பிரீமியம் பெட்ரோலில் ஆக்டேன் அதிகம். ஆக்டேன் என்றால் பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலம் இல்லை, பொறுமை. எஞ்சினுக்குள் அழுத்தப்படும்போது, பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும் பொறுமை. கடுமையாக அழுத்துகிற எஞ்சினுக்குப் பொறுமை அதிகமுள்ள பெட்ரோல் வேண்டும். மொபெட் எஞ்சின் அப்படி ஒன்றும் அழுத்துவதில்லை. அதற்குப் பிரீமியம் ஊற்றுவது, தூங்குகிறவரை எழுப்பி ‘பொறுமையாக இரு’ என்று சொல்வது மாதிரி.

ஆனால் கேட்பவர்கள் எல்லாம் மொபெட்காரர்கள்தான். ஒருமுறை ஒரு மாதம் முழுக்கக் குறித்துவைத்தேன். பிரீமியம் கேட்டவர்கள் நூற்று நான்கு பேர். எழுபத்தொன்று இருசக்கர வண்டி, பத்தொன்பது ஆட்டோ, பதினான்கு கார். பிரீமியம் தேவைப்பட்டது பூஜ்யம். ஆயுத பூஜை அன்று பழைய மொபெட்டுக்குச் சந்தனம் பூசிக் கொண்டுவந்த ஒருவர், “இன்னிக்கு ஒரு நாளாவது அத்துக்கு நல்லதா ஊத்து சார்” என்றார். பாதி ரெகுலர், பாதி பிரீமியம் கேட்டவர் ஒருவர். வீட்டுக்குத் தெரியாமல் ஊற்றச் சொன்னவர் ஒருவர். ஒரு வங்கி அதிகாரி, மாமனார் ஊரிலிருந்து வந்தால் மட்டும் பிரீமியம். மாமனாருக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தார் போல. இவர்களை எல்லாம் சமாதானப்படுத்தி ரெகுலருக்குத் திருப்புவது என் பொழுதுபோக்கு. கம்பெனிக்கு இது தெரிந்திருந்தால் என்னை எப்போதோ அனுப்பியிருப்பார்கள்.

இப்போது முதலாளி. இவரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. மென்மையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இருபத்தொன்பது வருடத்தில் அவர் எனக்கு ஒரு உத்தரவுகூடப் போட்டதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்பார். அவர் நினைப்பதை நாம் நினைக்கும்வரை துடைப்பார்.

வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. “அந்தக் கிளை நம்ம போர்டை மறைக்குதோ? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். ஆள் வைத்து வெட்டினோம். மாநகராட்சிக்காரர் வந்து அபராதம் என்றார். முதலாளி என்னைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “மறைக்குதான்னு கேட்டேன். வெட்டுங்கன்னா சொன்னேன்?” சொல்லவில்லைதான்.

நவம்பர் 12 காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பிரீமியம் தொட்டியில் டிப் ராடு இறக்கினேன். மூடியைச் சுற்றியிருந்த குழியில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அதை மொண்டு ஊற்றவே ஒன்பது வாளி. கம்பியை எடுத்தேன். பசை ஐந்து சென்டிமீட்டருக்குச் சிவந்திருந்தது. துடைத்து, பசை தடவி, மறுபடி இறக்கினேன். ஐந்து. மூன்றாவது முறை ஐந்தேகால்.

முதலாளி ஏழு மணிக்கு வந்தார். சொன்னேன்.

“மழைக்காலத்துல கொஞ்சம் ஈரம் இருக்கத்தானே செய்யும்” என்றார்.

“ஈரம் இல்லீங்க. ஐந்து சென்டிமீட்டர். நிறுத்தணும்.”

கண்ணாடியைக் கழற்றினார். “நிறுத்தலாம். இந்த மாசம் பிரீமியம் டார்கெட்டுக்கு எவ்வளவு பாக்கி?”

“இருநூற்றுப் பதினான்கு லிட்டர்.”

“திங்கக்கிழமை கம்பெனி ஆள் வராரு. பம்புல டேப் ஒட்டி வெச்சிருந்தா என்ன நினைப்பாரு? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

நான் நினைத்ததை இங்கே எழுத முடியாது. ஓய்வு பெற இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பணிக்கொடைக் கணக்கு அவர் மேஜை மேல் இருந்தது. சண்டை போடவில்லை. பதிவேட்டில் ‘தண்ணீர்’ என்கிற கட்டத்தை நிரப்பாமல் காலியாக விட்டேன். நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவன். சாப்பாட்டுக்குப் போன நேரம், வந்த நேரம்கூட எழுதுகிறவன்.

பம்பில் டேப்பும் ஒட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முன் வரிசைப் பம்பில் நின்ற செல்வியைக் கூப்பிட்டு, “யார் பிரீமியம் கேட்டாலும் பேசி ரெகுலர் போட்டு அனுப்பும்மா. அந்த நாசிலைத் தொடாதே” என்றேன். வழக்கமாக நானே செய்கிற காரியம்தான். வரப்போவது நாலு மொபெட். பேசியே அனுப்பிவிடலாம்.

செல்வி புளியந்தோப்புக் குடியிருப்பிலிருந்து வருபவள். பங்கில் பதினோரு வருடம். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருடம். கணவன் இல்லை. என்னைவிட வேகமாகச் சில்லறை கொடுப்பாள், என்னைவிடக் குறைவாகப் புலம்புவாள்.

“ஏன் சார், தொட்டில இன்னா கீது?” என்றாள்.

“ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன் தொடக் கூடாது?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

இனி ஒன்பது மணி பதினேழு நிமிடம். மஞ்சள் காரிலிருந்து குனிந்து, ஒரு காலை நீட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் கஜா. காசிமேட்டில் இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர். ஒன்றை விற்று இந்த செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார்.

“பிரீமியம் ரொப்பும்மா. எண்ணூருக்குப் போறேன், மச்சானுக்குப் பொண்ணு பாக்க.”

“ரெகுலரே நல்லா கீதுண்ணே. எல்லாரும் அத்ததான் போட்டுகினு போறாங்க.”

“எல்லாரும் இன்னா இந்த வண்டியிலயா போறாங்க?”

நான் போய்ச் சேர்ந்து, பொறுமை பற்றிய என் உரையை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கஜா டேங்க் மூடியின் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

“இங்க பாரு நைனா. குறைஞ்சது தொண்ணூத்தஞ்சுன்னு போட்டுக்கீது. உன் ரெகுலரு எவ்ளோ?”

“தொண்ணூற்றொன்று.”

“நாலு கம்மி. கடல்ல நாலு பாகம் ஆழம் கம்மின்னா படகு தரை தட்டிக்கும், தெரியுமா?”

அவர் சொன்னது சரி. இருபத்தொன்பது வருடத்தில், பிரீமியம் உண்மையாகவே தேவைப்பட்ட ஒரு வண்டி கடைசியில் வந்துவிட்டது. அதுவும் அன்றைக்கு. ‘உங்களுக்குப் பிரீமியம்தான் வேண்டும், ஆனால் என் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, வேறு பங்குக்குப் போங்கள்’ என்று சொல்ல எட்டு விநாடி போதும். பின்னால் ஆறு இருசக்கர வண்டிகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருதரம் ரெகுலர் போட்டால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள்” என்றேன்.

“மெதுவா ஓட்டறதுக்கா நைனா ஒரு போட்டை வித்தேன்?”

அந்த நேரம் டீசல் டேங்கர் லாரி உள்ளே திரும்பி ஹாரன் அடித்தது. சீல் சரிபார்க்க நான் போக வேண்டும். செல்வியிடம் ‘ரெகுலர்’ என்று கண்ணால் சொல்லிவிட்டு நடந்தேன். முப்பத்திரண்டு எட்டு. திரும்பிப் பார்த்தபோது கஜா கண்ணாடி அறையைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். செல்வியும் அந்தப் பக்கம் பார்த்தாள். உள்ளே முதலாளியின் கை இரண்டு முறை அசைந்தது. செல்வி பிரீமியம் நாசிலை எடுத்தாள். நான் கத்தினேன். டேங்கர் எஞ்சினும் ஹாரனும் சேர்ந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தின.

குறுக்கே பின்வாங்கிய லாரி வழிவிடும்வரை நின்று, வழுக்காமல், முழங்கால் வலியோடு நான் வந்து சேர்வதற்குள் நாற்பத்திரண்டு லிட்டர் அறுபது ஏறிவிட்டது. கார் சாலையில் இறங்கிவிட்டது.

டோல்கேட் சிக்னல் எங்கள் வாசலிலிருந்து நானூறு மீட்டர். மஞ்சள் கார் அதுவரை ஓடியது. சிக்னல் நடுவில், பாரிமுனை போகிற பஸ்ஸுக்குக் குறுக்கே, இருமி, நின்றது. ஒன்பது நாற்பத்தொன்றுக்குத் திரும்பி வந்தது. நான்கு பேர் தள்ள, கஜா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

“இன்னாண்ணே, நூத்தி அறுவதுல போவும்னியே. இப்ப இன்னா ஸ்பீடு?” என்று தள்ளுகிறவர்களில் ஒருவர் கேட்டார்.

“நீ தள்ற ஸ்பீடுதான்டா. வாய மூடிகினு தள்ளு.”

பக்கத்து மெக்கானிக் கார் டேங்கிலிருந்து கொஞ்சம் இறக்கினார். என் அரை லிட்டர் ஜாடியில் பிடித்து மேஜை மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், கீழே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கல். கலங்கல் மட்டும் நூற்று எண்பது மில்லி.

கஜா அதைக் குனிந்து பார்த்தார். “ரெகுலரா பிரீமியமான்னு ரெண்டுல ஒண்ணு கேட்டேன் நைனா. நீ மூணாவதா ஒண்ணு ஊத்தி அனுப்ச்சுக்கீற.”

முதலாளி எங்கள் மூவரையும் அறைக்குள் அழைத்தார். குரல் வழக்கம்போல மென்மை.

“செல்வி, அதை உன்னை யாரு போடச் சொன்னது?”

“நீங்கதான மொதலாளி. இவுரு கேட்டாரு, நீங்க கைய காட்னீங்க.”

“ஈ ஓட்டினேம்மா” என்றார் முதலாளி.

ஈ ஒன்று இருந்ததா என்று நான் தேடினேன். ஏ.சி. அறை, கதவு மூடியிருந்தது. ஈ இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். “நீங்க கட்டாயம் சொல்லியிருப்பீங்களே. அந்த நாசிலைத் தொடாதேன்னு இவங்ககிட்ட காலையிலயே சொல்லியிருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? சொல்லியும் போட்டிருந்தா, அப்போ தப்பு யாருது? அப்படிப்பட்ட ஆளை வெச்சுக்கலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன் என்பது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அவளுக்கு அன்றோடு வேலை போய்விடும், கார் செலவும் அவள் தலையில் விழும். தண்ணீர் இருப்பது முதலாளிக்குத் தெரியும் என்று சொல்லலாம். அதுவும் உண்மை. ஆனால் ‘நிறுத்த வேண்டாம்னு சொன்னேனா?’ என்று கேட்பார். சொல்லவில்லைதான். உத்தரவே போடாத மனிதரிடம் உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அங்கே நின்றபடி பணிக்கொடையில் எவ்வளவு போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு முறை போட்டேன். இரண்டாவது முறை இன்னும் அதிகமாக வந்தது.

“நான் சொல்லவில்லை” என்றேன். “சொல்ல மறந்துவிட்டேன்.”

முதலாளியின் கை கண்ணாடி மேல் நின்றது. “மறந்துட்டீங்களா? நீங்களா?”

“ஆமாம்.”

“வயசாச்சு, பாவம்” என்றார் கஜாவிடம், என்னை மன்னித்துவிடச் சொல்கிற தொனியில்.

“எவன் மறந்தா எனக்கு இன்னா? வண்டி ஓடணும், அவ்ளோதான்” என்றார் கஜா. “பொண்ணு வூட்ல மஞ்ச கார்ல வரேன்னு சொல்லிக்கீறேன். இப்ப ஷேர் ஆட்டோல போய் எறங்கணும்.” வாசல் வரை போனவர் திரும்பினார். “ஆட்டோ இன்னா ஊத்தறான், ரெகுலரா?”

“கேஸ்” என்றேன்.

“அதான் ஓடுது.”

பிறகு நான் பதிவேட்டை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் ‘5 செ.மீ., காலை 6.10’ என்று எழுதினேன். நான்கு மணி நேரம் தாமதம். முதலாளி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

மத்தியானம் செல்வி டீ எடுத்துவந்து வைத்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எதிர்பார்த்தேன்தான்.

“ஏன் சார் பொய் சொன்ன?” என்றாள்.

“உன் வேலைக்காகத்தான்.”

“எம் வேலை போவ இருந்ததே உன்னாலதான. காலையிலயே டேப்பை ஒட்டிக்கினு ‘தண்ணி கீது’ன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தாளு ஈ ஓட்டினா இன்னா, யானை ஓட்டினா இன்னா? நான் கைய வெச்சிருப்பனா? தொடாதன்னா ஏன் தொடக் கூடாதுன்னு சொல்லணும் சார். படிச்சவருதான நீ?”

ஒரு வாய் குடித்தேன். டீயில் சர்க்கரை அதிகம். அதைச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

ஒரு சுருள் டேப் வாங்கி வரச் சொல்ல ஆள் இல்லாமல், நானே எதிர்க் கடைக்குப் போய் வாங்கிவந்து அந்தப் பிரீமியம் பம்பைக் குறுக்கும் நெடுக்கும் ஏழு சுற்று சுற்றினேன். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்தார். டேப்பைப் பார்த்தார். “மழைல தண்ணி இறங்கிடுச்சா? எல்லா பங்கிலும் இதான்” என்று சொல்லிவிட்டு, எடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஆன நேரம் மூன்று நிமிடம்.

நவம்பர் முப்பதாம் தேதி எனக்குப் பிரிவு உபசாரம். முதலாளி பேசினார்: “சாருக்குக் கடைசி காலத்துல கொஞ்சம் மறதி வந்துடுச்சு. மத்தபடி தங்கமான மனுஷன்.” பரிசாக ஒரு டைரி கொடுத்தார். கார் பில்லையும் கொடுத்தார். இழுத்து வந்தது, டேங்க் கழற்றிக் கழுவியது, இன்ஜெக்டர் சுத்தம் செய்தது, ஃபில்டர் மாற்றியது. “இதை எதுல சேர்க்கலாம்? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். என் கணக்கில் என்றேன். அதையும் அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

இப்போது தொட்டிக்குள் மின்சார அளவி வைத்திருக்கிறார்களாம். தண்ணீர் ஏறினால் திரையில் சிவப்பாகத் தெரியுமாம். நல்லது. பசையும் சிவப்பாகத்தான் தெரிந்தது.

ரெகுலரா பிரீமியமா என்று கேட்டால், டேங்க் மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தொண்ணூற்றைந்து என்றிருந்தால் பிரீமியம், இல்லையென்றால் ரெகுலர். மாமனார் வருகிறார் என்பது கணக்கில் சேராது. ஆனால் அதற்குமுன் உங்கள் தொட்டியின் அடியைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதைப் பம்பில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டவனுக்கு ஆன செலவு இது: கார் பில் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது, ஒரு சுருள் டேப் பதினைந்து. ஆக மொத்தம் ரூபாய் 38,475. டேப்பைக் காலை ஏழு மணிக்கே வாங்கியிருந்தால் ரூபாய் 15.